இரண்டு லட்சம் இருந்தால் ஒன்றரை லட்சத்துக்குக் கார் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாவகாசமாக வாசியுங்கள்.

ஓராண்டாக எனக்கு வரும் போன்களில் பாதி கார் பற்றியவை. "சார், நல்லா இருக்கீங்களா சார்" என்று ஆரம்பித்து, டீச்சரம்மா முழங்கால் வலி வரைக்கும் விசாரித்துவிட்டு, மூன்றாவது நிமிடத்தில் "ஒரு வண்டி பார்த்திருக்கேன்ங்க சார், 2011 மாடல், ஒன்னே முக்கால் சொல்றாங்க" என்று வந்து நிற்பார்கள். காரணம் எனக்குத் தெரியும். 2017-இல் வாங்கிய 2010 மாடல் ஆல்ட்டோவை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்குச் செலவழித்த ஒவ்வொரு ரூபாயையும் நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன் என்பது நம் வீட்டு விசேஷங்களில் நிரந்தரக் கேலி. நான் மெக்கானிக் இல்லை. அறிவியல் நடத்தியவன். ஆனால் அந்த நோட்டு பொய் சொல்லாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இரண்டு லட்சம் இருந்தால் இரண்டு லட்சத்துக்குக் கார் பார்க்காதீர்கள். ஒன்றரை லட்சத்துக்குப் பாருங்கள். மீதி ஐம்பதாயிரம் முதல் ஆறு மாதத்துக்கு அந்தக் காருடைய பணம். அதை எடுத்து சீட் கவர், மியூசிக் சிஸ்டம், பெரிய வீல் என்று போட்டுவிட்டால், பின்னால் கழுத்துச் சங்கிலிதான் அடகுக்குப் போகும். போயிருக்கிறது. எனக்குத் தெரிந்து மூன்று வீட்டில்.

"பழைய காரே வாங்கக் கூடாது மாமா, லோன் போட்டுப் புது வண்டி எடுத்துடணும்" என்பான் பெங்களூரில் இருக்கும் என் மருமகன் முறைப் பையன். அவன் சம்பளத்துக்கு அது சரி. நம் பக்கத்துக் கணக்கு வேறு. ஐந்து லட்சம் கடன், ஒன்பதரை சதவீத வட்டி, ஏழு வருடம் என்று போட்டுப் பாருங்கள். மாதம் சுமார் 8,170 ரூபாய். முடிவில் கட்டியிருப்பது 6,86,000 ரூபாய் பக்கம். பெட்ரோல், இன்சூரன்ஸ் நீக்கி, ரிப்பேருக்கும் டயருக்கும் மட்டும் என் நோட்டில் இருப்பது எட்டரை வருடத்துக்கு 2,71,000 சொச்சம். மாதத்துக்குப் பிரித்தால் 2,700 ரூபாய்க்குள். மாதம் ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் ஓடும் வீட்டுக்கு, அப்பாவை மாதம் இரண்டு முறை சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டிய வீட்டுக்கு, பழைய கார் அவமானமும் இல்லை, முட்டாள்தனமும் இல்லை. மாதம் மூவாயிரம் காருக்கென்று சீட்டு கட்டுவது போல ஒதுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாதென்றால் டாக்ஸி பிடிப்பது மலிவு.

வண்டி பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளைக் கவனித்திருக்கிறேன். மைலேஜ் எவ்வளவு? ஏசி ஜில்லுன்னு வருதா? சிங்கிள் ஓனரா? இருபத்தொன்பதா, வெளி நம்பரா? இந்த நான்குக்கும் புரோக்கரிடம் பதில் தயாராக இருக்கும். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள், ரேடியேட்டரில் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. தர்மபுரி மாவட்டத்தில் கார் வைத்திருப்பவர் கேட்க வேண்டியவை அந்த இரண்டும்தான். ஏனென்றால் நமக்குத் தொப்பூர் கணவாய் இருக்கிறது. சேலம் போகும்போது அது பிரேக்கைச் சோதிக்கும். திரும்பி வரும்போது ரேடியேட்டரைச் சோதிக்கும்.

ரேடியேட்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏப்ரல், மே மாதம் மதியத்தில் சேலத்திலிருந்து வரும் வழியில் பாருங்கள். ஏற்றத்தின் ஓரமாக பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நான்கைந்து கார்கள் நிற்கும். பெரும்பாலும் பத்து வயது தாண்டியவை. நிறைய ஆள், ஏசி, ஏற்றம், வெயில் என நான்கும் சேரும்போதுதான் ரேடியேட்டரின் உண்மை நிலை வெளியே வரும். ஊருக்குள் பேருந்து நிலையம் வரை ஓட்டிப் பார்த்தால் வராது.

இதில் நம் ஊருக்கென்று ஒரு தனிக் காரணம் உண்டு. நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையைப் பார்த்துப் பார்த்து வகுப்பெடுத்தவன் நான். அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் திறந்தார்கள். குடிப்பதற்குக் காவிரித் தண்ணீர் வந்துவிட்டது. காருக்கு மட்டும் இன்னும் போர் தண்ணீர்தான். ஃபுளோரைடை விடுங்கள், அது காரை ஒன்றும் செய்யாது. அதே தண்ணீரில் இருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள்தான் வில்லன். வென்னீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும், எஞ்சின் உள்ளே தண்ணீர் ஓடும் வழிகளிலும் படிகிறது. சுண்ணாம்புப் படிவம் வெப்பத்தைக் கடத்தாது. பத்து வருடம் போர் தண்ணீர் குடித்த கார் என்றால், உள்ளே பாதி அடைப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

கூலன்ட் என்பது கலர் தண்ணீர் இல்லை. துருவைத் தடுக்கும் மருந்தும், கொதிநிலையை உயர்த்தும் கிளைக்காலும் அதில் இருக்கிறது. கலந்து தயாராக வரும் கூலன்ட் ஒரு சிறிய காருக்கு நான்கைந்து லிட்டர் போதும். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும். ரேடியேட்டர் மூடி 200, 300 ரூபாய். அந்த மூடியை யாரும் மதிப்பதில்லை. அதிலுள்ள ஸ்பிரிங்தான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும் என்று ஒன்பதாம் வகுப்பில் பிரஷர் குக்கரை உதாரணம் காட்டி நடத்தினேனே, நினைவிருக்கிறதா? நல்ல மூடி இருந்தால் தண்ணீர் 120 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் செத்த மூடி என்றால் நூறிலேயே கொதித்து வெளியே வரும். முந்நூறு ரூபாய் சாமான் நாற்பதாயிரம் ரூபாய் எஞ்சினைக் காப்பாற்றுகிறது. (சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்காதீர்கள். முகம் வெந்துபோகும். அரை மணி நேரமாவது காத்திருங்கள்.)

நம் பட்டறைகளில் சகஜமாக நடக்கும் ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குங்க சார்" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். எஞ்சின் சுமார் 80 டிகிரிக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் சிறு வால்வு அது. அதைக் கழற்றிவிட்டால் மீட்டரில் முள் கீழேயே நிற்கும்; வண்டி சூடாகவில்லை என்று நமக்கும் சந்தோஷம். உண்மையில் எஞ்சின் போதுமான சூட்டுக்கே வராமல் கூடுதல் பெட்ரோல் குடிக்கும், தேய்மானமும் கூடும். அதைவிட முக்கியம், அடைத்துப்போன ரேடியேட்டரை அது மறைத்துவிடும். விற்பவருக்கு வசதி. இன்னொரு தந்திரம், ரேடியேட்டர் ஃபேனை நேராக வயர் இழுத்துக் கொடுத்துவிடுவது. சாவியைத் திருப்பிய உடனே, எஞ்சின் பச்சைத் தண்ணீராக இருக்கும்போதே ஃபேன் சுற்ற ஆரம்பித்தால், ஏதோ ஒன்றை மூடி மறைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

மறைத்ததன் பலன் ஹெட் கேஸ்கட்டில் தெரியும். எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் பால் கலந்த டீ நிறத்தில் நுரை போல ஒட்டியிருந்தால் ஆயிலும் தண்ணீரும் கலக்கிறது. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சிறிய பெட்ரோல் காரில் ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்துச் சமன்படுத்தி, கேஸ்கட் மாற்றிப் பூட்ட எட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை நம் பக்கத்தில் கேட்கிறார்கள். ஹெட் வளைந்து வெடிப்பும் விட்டிருந்தால் அதற்கு மேல். எஞ்சின் முழு வேலை என்றால் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம், சில வண்டிகளுக்கு அதற்கும் மேல். புது ரேடியேட்டரும் ஹோஸ்களும் கூலன்ட்டும் சேர்த்து ஆறாயிரம், ஏழாயிரம்தான். எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து பிரேக். இது பணக் கணக்கு மட்டும் இல்லை. தொப்பூர் இரட்டைப் பாலம் என்றால் நம் மாவட்டத்தில் தெரியாதவர் கிடையாது. எத்தனை வீட்டில் எத்தனை பேர் என்று நான் எழுதப் போவதில்லை. இதை வாசிப்பவர்களிலேயே சிலர் அங்கே உறவை இழந்தவர்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நான்கு பேர் ஏறிய சிறிய கார் ஏறக்குறைய ஆயிரம் கிலோ. அது வேகம் கூடாமல் நூறு மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் 9,80,000 ஜூல். இந்த ஆற்றல் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். பிரேக்கை மட்டும் அமுக்கிக்கொண்டே இறங்கினால் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறும். மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. உள்ளங்கை அகலப் பேட்களும், இரண்டு டிஸ்க்குகளும், பின்னால் இரண்டு டிரம்களும் அதைத் தாங்க வேண்டும்.

பேட் தேய்ந்தால் சத்தம் போட்டுச் சொல்லும். சொல்லாதது பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 என்ற வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பே 140 டிகிரிதான். இறக்கத்தில் பிரேக் சூடேறி, அந்தச் சூடு ஆயிலுக்குப் போய், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியானால் குழாயில் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, வாயுவைச் சுருக்கலாம். பாஸ்கல் விதி வேலை செய்வதே திரவம் சுருங்காததால்தான். குமிழி வந்துவிட்டால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. ஊருக்குள் ஓட்டும்போது நன்றாகப் பிடித்த அதே பிரேக், கணவாயில் பாதி இறங்கியதும் பிடிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுதாக மாற்ற ஆயிரம் ரூபாய் போதும். பழைய கார் வாங்கிய முதல் வாரமே இதைச் செய்யுங்கள், விற்றவர் என்ன சொல்லியிருந்தாலும் சரி. முன் பேட், பின் ஷூ, வீல் சிலிண்டர், ஆயில் என எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் ஐந்தாயிரம், ஆறாயிரம். மேற்படி மியூசிக் சிஸ்டத்தைவிடக் குறைவு.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கும் பழக்கத்தையும் விடுங்கள். சிலர் எஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும். மிச்சமும் ஆகாது. கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தபிறகு, கியரில் வைத்துக் கால் எடுத்தால் எஞ்சின் தானே பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் ஐடிலுக்குக் குடிக்கும். மூன்றாவது கியர், தேவையானால் இரண்டாவது. எஞ்சின் உறுமட்டும், பயப்பட வேண்டாம். தொப்பூருக்கு மட்டுமில்லை, மஞ்சவாடி, ஒகேனக்கல் இறக்கம், வத்தல்மலை எல்லாவற்றுக்கும் இதேதான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். பத்து வயதுக்கு மேல் காரில் முதலில் சாவது இரும்பு இல்லை, ரப்பர். லோயர் ஆர்ம் புஷ், எஞ்சின் மவுன்ட், ஷாக் அப்சார்பர் சீல் எல்லாம் வெடித்திருக்கும். வேகத்தடையில் "டக் டக்" என்று கேட்டால் முன்பக்க வேலைக்கு எட்டாயிரம், பத்தாயிரம் ஒதுக்குங்கள். கிளட்ச் செட் மாற்ற ஆறேழு ஆயிரம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஏழெட்டு வயதான டயரில் நான்கு வழிச்சாலையில் ஏறாதீர்கள்.

டைமிங் பெல்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய மாருதி 800, 800 சி.சி. ஆல்ட்டோ, பழைய சான்ட்ரோ, டீசல் இண்டிகா எல்லாவற்றிலும் செயின் இல்லை, பெல்ட்தான். அது அறுபடுவதற்கு முன் ஒரு அறிகுறியும் காட்டாது. அறுந்தால் வண்டி நடுரோட்டில் நிற்கும். பல எஞ்சின்களில் வால்வும் வளையும். எப்போது மாற்றியது என்பதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு மூவாயிரம், நாலாயிரம் செலவழித்துவிடுங்கள். கிலோமீட்டரைத் திருப்பி வைப்பது நாடறிந்த விஷயம். மீட்டர் அறுபதாயிரம் காட்டும், பெடல் ரப்பரும் ஸ்டீயரிங் வளையமும் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். எதை நம்புவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எலி. சிரிக்காதீர்கள். தோட்டத்து வீட்டில், மாட்டுத் தீவனத்துக்குப் பக்கத்தில் கார் நிறுத்துபவர்களுக்கு இது பெரிய செலவு. ஒரே இரவில் வயரிங்கைக் கடித்துவிடும். சின்னக் கடி என்றால் ஆயிரம் ரூபாயில் முடியும். மொத்த வயரிங் செட் என்றால் அந்தக் காரின் விலையில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். மூன்று நாளுக்கு ஒருமுறை வண்டியை எடுத்து ஓட்டுவதுதான் எனக்குத் தெரிந்த மருந்து. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஷெட்டில் துணி மூடி நிற்கும் காரை "ஓடாத வண்டி, புதுசு மாதிரி" என்று விற்பார்கள். நின்ற வண்டி ஓடின வண்டியைவிட மோசம் என்பேன் நான். பேட்டரி, டயர், பிரேக், பெட்ரோல் டேங்க் எல்லாமே நின்று நின்று கெடும்.

பெட்ரோல் என்றதும் நினைவு வருகிறது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2030-க்கு வைத்திருந்த இலக்கை முன்னால் இழுத்து 2025-இலேயே எட்டிவிட்டார்கள். நம் பழைய கார்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான்; மைலேஜ் கொஞ்சம் குறைவது இயற்கை. அதற்காக மெக்கானிக்கோடு சண்டை போடாதீர்கள். பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களையும் ஓ-ரிங்குகளையும்தான் கவனிக்க வேண்டும். சில நூறு ரூபாய் வேலை. பானெட்டுக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அன்றே பட்டறைக்குப் போங்கள், தீப்பிடிக்கும் விஷயம்.

டீசல் கார் கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தை, வேண்டாம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தபிறகு, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பழைய இடைவெளி இல்லை. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடாதவருக்கு மிச்சமாவது சில நூறு ரூபாய். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசலில் இன்ஜெக்டர், டர்போ, பம்ப் மூன்றும் வரிசையில் நிற்கும். ஒன்று வந்தாலே முப்பதாயிரம், நாற்பதாயிரம். டெல்லியில் 10 வயது டீசல் கார்களுக்கும் 15 வயது பெட்ரோல் கார்களுக்கும் தடை என்று உத்தரவு வந்ததிலிருந்து அங்கிருந்து மலிவாக வண்டிகள் தெற்கே வருகின்றன. ஓசூர் வழியாகப் பெங்களூர் வண்டிகளும் வரும். விலை குறைவுதான். என்.ஓ.சி. வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, நம் மாநில வரியும் கட்டினபிறகு குறைவா என்று கூட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆர்.சி. புக் விஷயமும் இதோடு சேர்ந்ததே. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பின் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டி, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000. இருபது வயது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. இதற்கு மேல் டிங்கரிங், பெயின்டிங், டயர், லைட் என்று காட்டுவதற்குத் தயார் செய்யும் செலவு. ஆகவே 13, 14 வயதுக் காரை "எஃப்.சி.க்கு இன்னும் டைம் இருக்கு" என்று ஒருவர் விற்றால், அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டுகிறார். விலையில் பதினைந்தாயிரமாவது குறைத்துக் கேளுங்கள். என் காருக்கு 2025-இல் முடிந்தது. அடிப்பாகத் துரு வேலையும் சேர்த்து 19,000 ஆனது.

மெக்கானிக் பற்றி. இதில் எனக்கும் உறவினர்கள் பலருக்கும் ஒத்துப்போகாது. ஸ்பேர் கடையில் மூவாயிரம் சொன்னால் வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு வருகிறோம். பட்டறையில் எண்ணூறு ரூபாய் கூலி கேட்டால் ஐந்நூறு போதாதா என்கிறோம். வண்டிக்கு அடியில் படுத்து, கொதிக்கும் சைலன்சருக்குப் பக்கத்தில் கை விட்டு வேலை செய்பவருக்கு நாம் வெட்டும் முந்நூறு ரூபாய், டூப்ளிகேட் பேட் வடிவத்தில் நமக்கே திரும்பி வரும். கூலியைக் கேட்டபடி கொடுங்கள். பதிலுக்கு மூன்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் கொடுக்க வேண்டும், புதிய சாமானின் பெட்டியைக் காட்ட வேண்டும், கடை பில் வேண்டும். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். ஒரு முறை வெளியூர்ப் பட்டறை ஒன்றில் ஏசி கம்ப்ரசரே போய்விட்டது, பதினாலாயிரம் என்றார்கள். பழைய சாமானை எனக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று சொன்னதும், "எதுக்கும் ரிலே பார்த்துடலாம் சார்" என்றார்கள். 350 ரூபாயில் ஏசி வந்தது.

நான் இப்போது போகும் பட்டறையை நடத்துபவன் என் மாணவன். பத்தாம் வகுப்பில் அறிவியலில் 27 மார்க். பாஸ்கல் விதியை எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இன்று பிரேக் ஆயில் மாற்றும்போது என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, "மிதிங்க சார்... விடுங்க சார்... இன்னொரு தடவை" என்று கீழிருந்து குரல் கொடுப்பான். குழாயில் கடைசிக் குமிழி வெளியேறும்வரை விடமாட்டான். தொப்பூர் இறங்கும்போதெல்லாம் என் கால் நம்புவது அவனுடைய கையைத்தான். அவன் பெயரை இங்கே போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்; ஏற்கெனவே வேலை தாங்கவில்லையாம்.

கடைசியாக, எப்போது நிறுத்துவது? "காரோட விலையே எழுபதாயிரம், அதுக்கு இருபத்தஞ்சாயிரம் ரிப்பேரா" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியே சரியில்லை என்பது என் எண்ணம். எழுபதாயிரம் என்பது நாம் விற்றால் கிடைக்கும் விலை. அதே நிலையில், உள்ளே என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரிந்த இன்னொரு கார் எழுபதாயிரத்துக்குக் கிடைக்குமா? கிடைக்காது. புதிதாக இன்னொரு பழைய கார் வாங்கினால், முதல் ஆறு மாதச் செலவு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். எனக்கு அது 46,000 ஆனது: ரேடியேட்டர் 6,500, டைமிங் பெல்ட் 3,500, பிரேக் 5,500, முன்பக்க வேலை 8,500, டயர் 12,000, பேட்டரி 3,800, கிளட்ச் 6,200. இதற்கென்றே தனியாக வைத்திருந்த ஐம்பதாயிரத்தில் முடிந்தது. 2017 விலை அது, இன்று கூடும்.

ஆகவே கிளட்ச், சஸ்பென்ஷன், ஏசி போன்றவற்றுக்குக் காரின் விலையோடு ஒப்பிடாமல் செலவழிக்கலாம். ஆனால் இரண்டு இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஒன்று, அடிச்சட்டம் துருப்பிடித்து, ஷாக் அப்சார்பர் உட்காரும் இடம் வரை வந்துவிட்டால். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிடுவார்கள், வெளியே தெரியாது. ஜாக்கி வைக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் உள்ளே போகும். இன்னொன்று, எஞ்சின் ஒரு முறை முழு வேலை பார்த்து, அடுத்த வருடமே மறுபடி புகை விட்டால். இந்த இரண்டுக்கும் பிறகு அந்தக் காரில் பெற்றோரை ஏற்றாதீர்கள், வேறொரு குடும்பத்துக்கு விற்கவும் செய்யாதீர்கள். பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள். இரும்புக்கடையில் ரெண்டாயிரம் சேர்த்துத் தருகிறார் என்று அப்படியே தள்ளிவிட்டால், உங்கள் பெயரில் உள்ள நம்பர் எங்கே சுற்றுகிறது என்று தெரியாது.

வண்டி பார்க்கப் போகிறவர்கள் முந்தின நாளே விற்பவருக்குப் போன் செய்து, "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். கூச்சம் வேண்டாம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதுதான் புகையும் சத்தமும் பேட்டரியும் உண்மை பேசும். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் நானும் வருகிறேன். காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம் வரைக்கும் சரி. அரூர்ப் பக்கம் என்றால் இரண்டு நாள் முன்னால் சொல்லுங்கள். ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சும் என்னிடம் இருக்கிறது.